எழுபது வளைவும் ஒரு பாக்குவெட்டியும்

நான் கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுக்காரன். மிளகு விற்ற காசில் கடன் போக மிச்சம் இருந்தால் அந்தமானுக்குக் கூட்டிப்போகிறேன் என்று என் வீட்டுக்காரிக்கு வாக்குக் கொடுத்துப் பல வருஷமாயிற்று. போன மாசியில்தான் மிச்சம் இருந்தது.

செம்மேட்டில் பஸ் ஏறியபோது பகல் மூன்று மணி. காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். மலை பார்க்க வந்தவர்கள் அந்த எண்ணைப் படம் எடுப்பார்கள். நாங்கள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். பாதி வழியில் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் விட்டுவிடும்.

நாமக்கல்லில் இரவு பஸ். விடியுமுன் சென்னை விமான நிலையம். பெரிய பெட்டியைப் போட்டுவிட்டு, கைப்பையோடு சோதனைக்குப் போனோம். அங்கே இவளுடைய சுருக்குப்பையை நிறுத்திவிட்டார்கள். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, கொட்டைப்பாக்கு, அடியில் பாக்குவெட்டி. அவள் அம்மா கொடுத்தது, பிடி தேய்ந்து பளபளவென்று இருக்கும். "இது மேலே வராதும்மா" என்றார் அந்தக் காவலர். சட்டம் சரிதான், கூர்மையான எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது. பெட்டியோ அதற்குள் போய்விட்டது. பாக்குவெட்டி அங்கேயே ஒரு தொட்டியில் விழுந்தது. "ஏங்க, இதுல யாரைங்க வெட்டப் போறேன்?" என்று என்னைத்தான் கேட்டாள்.

கப்பலிலும் போகலாம், ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். மாட்டை அத்தனை நாள் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். இறங்கும்போது காது அடைத்தது. "நம்ம ஊர் பஸ் மாதிரியே இருக்கு" என்று எச்சிலை விழுங்கினாள்.

போர்ட் பிளேர்தான் இப்போது ஸ்ரீ விஜயபுரம். 2024 செப்டம்பரில் பெயர் மாற்றினார்கள். கடைத்தெருவில் தமிழ் நன்றாகவே காதில் விழுகிறது. இட்லி சாப்பிட்டுவிட்டு மதியம் படகு ஏறினோம். ஹேவ்லாக் என்றிருந்து 2018இல் சுவராஜ் தீவு ஆன இடத்துக்கு இரண்டு மணி நேரம். நடுக்கடலில் படகு ஆடியதும் சுற்றிலும் இருந்தவர்கள் பையைத் தேட ஆரம்பித்தார்கள். 70 வளைவில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு ஆட்டமா? மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை எதிரே இருந்த புதுப்பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

கரையில் இறங்கும்போது மணி நாலு தாண்டியிருந்தது. டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். ஆட்டோக்காரர் விடவில்லை, ஐந்தரைக்கே பொழுது சாயும் என்றார். கணக்கு இதுதான்: நம் மலை 78 பாகை தீர்க்கரேகையில், அந்தமான் கிட்டத்தட்ட 93இல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கடிகாரம் இந்தியா முழுக்க ஒன்றே, சூரியன் மட்டும் அங்கே ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. ராதாநகர் கடற்கரைக்கு ஓடினோம். சூரியன் தண்ணீரைத் தொடுகிற நேரம். இருபத்தாறு மணி நேரம் பயணம் செய்து வந்தவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் வரை இறங்கி நின்றாள். ஒன்றும் பேசவில்லை.

திரும்பும் வழியில்தான் பேசினாள். சாலையின் இரண்டு பக்கமும் கமுகு மரம், குலை குலையாகப் பாக்கு. "இத்தனை பாக்கு இருக்கு, வெட்ட ஒண்ணும் இல்லையே!"

மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இரண்டு சொல்லி முடிக்கிறேன். நாமக்கல்லிலோ சென்னையிலோ ஒரு ராத்திரி தங்கிப் போங்கள், ஒரே மூச்சில் போனால் இடுப்பு விட்டுப்போகும். பாக்குவெட்டியைப் பெரிய பெட்டியில் போடுங்கள்.