பள்ளிக்கு அருகே இராத் தங்கல் விடுதி
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. நமக்கு முன்னர்ப் பேசிய புலவர் இருவரும் அம்மரபை அழகுறக் காத்தனர். பத்தாம் வகுப்புடன் ஏட்டை மூடிவிட்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கெழுதி வரும் நாம், அவர்கள் நின்ற இடத்தில் நின்று கம்பனைப் பற்றிப் பேசப் புகுவது அடாது. செயலாளர் அவர்களும் நமக்கு வேறு பொருளே கொடுத்திருக்கிறார். பத்து நாட்களாக இக்காலனியில் வீட்டுக்கு வீடு பேசப்படும் பொருள் அது. சிறுவர் சிறுமியரின் நடனம் காத்திருப்பதால் சுருங்கச் சொல்ல முயல்வோம்.

காலனியின் பின்மதிலை ஒட்டி ஒரு பழைய கிடங்கு பாழடைந்து கிடப்பதை அனைவரும் அறிவோம். அங்கே வீடற்றோர் இரவில் தங்குவதற்கு ஒரு விடுதி அமைக்கப் போவதாகத் தெரிகிறது. தில்லியில் இதனை ரைன் பசேரா என்பர். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் வாயிலிலிருந்து அக்கிடங்கு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அது கூடாது என்று குடியிருப்போர் நலச் சங்கத்தார் ஒரு விண்ணப்பம் எழுதிக் கைச்சாத்து வாங்கி வருகின்றனர். நம் தமிழ்ச் சங்கத்தின் முத்திரையையும் அதில் கேட்டிருக்கிறார்கள். இடலாமா, கூடாதா என்பதே இன்றைய கேள்வி.

விண்ணப்பத்தில் கைச்சாத்து இட்டவர்களை நெஞ்சில் ஈரமற்றவர்கள் என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். நம் தெருவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் கேட்டார்: "ஐயா, நீங்கள் சொல்லும் தருமமெல்லாம் சரி. மாலை ஆறரை மணிக்கு வகுப்பு முடிந்து என் பெண் அந்தச் சந்து வழியேதான் தனியாக வருகிறாள். அதற்கு என்ன பதில்?" இதற்குப் பதில் சொல்லாமல் தருமம் பேசுபவன் வாய்ச்சொல் வீரனே ஆவான். சந்தில் விளக்கு இல்லை. பாலத்தின் அடியில் போதைப்பொருள் புகைப்போர் அமர்ந்திருப்பதை நம்மில் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆகவே அந்தத் தாயின் அச்சம் மெய்யான அச்சம்.

விண்ணப்பத்திலுள்ள எல்லாம் அத்தகையவை அல்ல. விடுதி வந்தால் வீட்டு விலை வீழும் என்று ஒரு வரி இருக்கிறது. அது அடுத்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்பாரின் கவலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் நமக்கு விற்பதற்கு என்ன இருக்கிறது? ஓய்வு பெற்ற பின் சாதாரண வாடகையில் நான்கு மாதம் இருக்க விடுவார்கள். அதன்பின் சாவியைக் கொடுத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டியவர்கள் நாம். அடுத்தவர் சொத்துக்கு நாம் ஏன் காவல் நிற்க வேண்டும் என்பது விளங்கவில்லை.

இனி, வரப்போகிறவர்கள் யார் என்று பார்ப்போம். அவர்கள் எங்கிருந்தோ புதிதாக லாரியில் வந்து இறங்கப் போகிறவர்கள் அல்லர். இப்போதே பாலத்தின் அடியிலும், சாலை நடுத்திட்டிலும், நம் ரயில் நிலையத்தின் வெளி முற்றத்திலும் படுத்திருப்பவர்களே அவர்கள். பார்சல் அலுவலகத்தில் இரவு முறைப் பணி பார்ப்பவர்களுக்கு இவர்களைத் தெரியும். தலைச்சுமை தூக்குவோர், கைவண்டி இழுப்போர், சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுவோர், கலியாண வீடுகளில் பாத்திரம் கழுவுவோர், குப்பையில் காகிதம் பொறுக்குவோர், பிள்ளைகள் கைவிட்ட முதியோர், கணவன் அடித்துத் துரத்திய பெண்டிர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு வீடற்றோரைத் தனியே எண்ணினார்கள். சாலையோரம், பாலத்தடி, கோயில் மண்டபம் ஆகியவற்றோடு ரயில்வே பிளாட்பாரத்தையும் அக்கணக்கில் சேர்த்தனர். நாடு முழுவதிலும் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவருள் 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் நகரங்களில் இருந்தனர். ஓரிரவில் கண்ணில் பட்டவர்களின் எண்ணிக்கை இது. படுக்கும் இடம் நாளுக்கு நாள் மாறும் ஒருவனை எண்ணுவது எத்துணைக் கடினம் என்பதை, இடம் மாறிய பார்சலைத் தேடி அலைந்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே விடுதி வராவிட்டால் அவர்கள் மறைந்துவிடுவார்கள் என்று எண்ணுவது தவறு. அதே சந்தில், அதே இருட்டில், பதிவேடு இல்லாமல், காவலர் இல்லாமல், கழிப்பிடம் இல்லாமல் இருப்பார்கள். சந்து நாறுகிறது என்று நாம் மூக்கைப் பொத்துகிறோம். நூறு பேர் வாழும் இடத்தில் ஒரு கழிப்பிடமும் இல்லையென்றால் சந்து நாறாமல் என் செய்யும்?

இவ்விடுதிகள் யாரோ ஒருவரின் மனவிருப்பத்தால் எழுந்தவை அல்ல. 2009 டிசம்பரில், கடுங்குளிர் நாளில், பூசா சாலை ரவுண்டானாவில் இருந்த தற்காலிகத் தங்குமிடம் ஒன்று அகற்றப்பட்டது. அச்செய்தி நாளேடுகளில் வரவே, தில்லி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வீடற்றோர்க்குத் தங்குமிடம் அமைக்க ஆணையிட்டது. பின்னர் 2013-இல் நடுவணரசு வகுத்த திட்டத்தில், நகர மக்கள் ஒரு லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் நிலையான விடுதி வேண்டும் என்றும், ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்றும், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கும் கூடியிருக்கும் இடத்துக்கும் அருகிலேயே அது அமைய வேண்டும் என்றும் விதித்தனர். "ஊருக்கு வெளியே கட்டட்டும்" என்கிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு ரயிலில் வரும் சரக்கை இறக்க வேண்டியவன் ஊருக்கு வெளியே எப்படிப் படுப்பான்? அவன் நடைபாதைக்கே திரும்பி வருவான். கட்டிய விடுதி பூட்டிக் கிடக்கும்.

நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. தில்லியில் இவ்விடுதிகள் எல்லாம் ஒரே வகையினவல்ல. ஆடவர்க்குத் தனி, பெண்டிர்க்குத் தனி, குடும்பங்களுக்குத் தனி, போதைப் பழக்கத்துக்கு அடிமையானோர்க்குத் தனி என்று பிரித்து நடத்துகிறார்கள். ஆகவே எவ்வகை விடுதி வருகிறது என்று கேட்பதே அறிவுடைமை. எதிர்ப்பு விண்ணப்பத்தில் இக்கேள்வி எந்த வரியிலும் இல்லை. போதை மீட்பு விடுதியைப் பள்ளி வாயிலில் வைக்க வேண்டாம் என்று நாம் சொன்னால் அதில் நியாயம் உண்டு, அதிகாரிகளும் செவிசாய்ப்பர். ஆனால் பெண்டிரும் குழந்தைகளும் தங்கும் குடும்ப விடுதிக்குப் பள்ளியை விடப் பொருத்தமான அண்டை வீடு வேறு ஏது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் இடம் உண்டு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. நடைபாதையில் வளரும் குழந்தைக்கு அந்த உரிமை ஏட்டில் மட்டும் இருக்கிறது. பள்ளிக்கு அருகில் ஒரு கூரை கிடைத்தால் அது கைக்கு எட்டும்.

பள்ளியின் தூய்மையைப் பற்றிப் பேசுவதால் மற்றொன்றையும் சொல்லிவிடுவோம், சிலருக்குக் கசக்கலாம். 2003-ஆம் ஆண்டின் புகையிலைத் தடைச் சட்டம், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்கிறது. நம் பள்ளி வாயிலுக்கு எதிரே இருக்கும் பான் கடை முப்பது அடி தூரத்தில் இருக்கிறது. அதற்கு எதிராக இன்றுவரை ஒரு விண்ணப்பமும் எழுதப்படவில்லை. நாமே அங்கு நின்று வெற்றிலை வாங்குகிறோம்.

சற்று முன் புலவர் அவர்கள் மணிமேகலையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அமுதசுரபியை ஏந்தி அவள் சென்று சேர்ந்த உலகவறவி என்பது காவிரிப்பூம்பட்டினத்தில் திக்கற்றோர் கூடியிருந்த பொது அம்பலமே அன்றோ? அவ்வளவு பின்னே செல்லவும் வேண்டா. நம்மில் பாதிப் பேர் தஞ்சை ஜில்லாக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரத்தை அறிவீர்கள். இராமேசுவரத்துக்கு நடந்து செல்லும் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கர்களுக்கு அங்கே சோறும் தங்குமிடமும் கிடைத்தன. நோயுற்றோர்க்கு மருந்து கிடைத்தது. அதே சத்திரத்தைச் சார்ந்து பள்ளிக்கூடமும் நடந்தது. வழிப்போக்கர் உறங்கும் திண்ணைக்கு அருகில் பிள்ளைகள் பாடம் படிப்பதை அக்காலத்தவர் அபாயமாகக் கருதியதாகத் தெரியவில்லை. அன்று சத்திரத்துக்கு அதிகாரி இருந்தார், சமையற்காரர் இருந்தார், கணக்கு இருந்தது என்பதையும் மறக்கலாகாது. கட்டடத்தை விட அந்த நிருவாகமே முக்கியம்.

வீடற்றவர் வேறு யாரோ, நாம் வேறு யாரோ என்று எண்ணிவிடவும் வேண்டா. 2025 ஜூன் 1-ஆம் நாள், ஜங்புரா பக்கத்தில் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலை ஒட்டி ஏறத்தாழ 370 குடிசைகள். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்கள் நம் தமிழ் மக்கள். வீட்டு வேலை செய்தும் கூலி வேலை செய்தும் தம் பிள்ளைகளைத் தில்லியிலுள்ள தமிழ்ப் பள்ளியில் படிக்க வைத்தவர்கள். எல்லோர்க்கும் மாற்று வீடு கிட்டவில்லை. கிட்டியவர்களுக்கும் நகரத்தின் வடகோடியிலுள்ள நரேலாவில்தான் கிட்டியது. மாற்று வீடு கிட்டாதவர்களில் ஒரு குடும்பம் நாளை இக்கிடங்கின் வாசலில் வந்து நின்று தமிழில் பேசினால், முத்திரையிட்ட கையோடு என்ன விடை சொல்வோம்?

எனவே இந்த விண்ணப்பத்தில், அது இப்போது உள்ள வடிவில், நம் சங்கத்தின் முத்திரை வேண்டா என்பதே நமது அபிப்பிராயம். அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. அந்த அம்மையாரின் கேள்விக்குப் பதில் வேண்டும். செயற்குழுவில் மூவர் அமர்ந்து மாற்று விண்ணப்பம் ஒன்று எழுதியிருக்கிறோம். பெண்டிர்க்கும் குடும்பங்களுக்குமான விடுதியாக அது அமைய வேண்டும். கிடங்குக்குச் சரக்குக் கொட்டடிப் பக்கம் ஒரு பெரிய வாயில் இருக்கிறது. போக்குவரத்து முழுவதும் அவ்வழியாகவே நடக்க வேண்டும். சந்துப் பக்கத்துக் கதவை அடைத்து மதிலை எழுப்ப வேண்டும். சந்தில் நான்கு விளக்குகள் வேண்டும்; விடுதி வந்தாலும் வராவிட்டாலும் இவை வேண்டும். அரசுத் திட்டத்தில் மேலாளர் ஒருவரும் முறை வைத்துப் பணிபுரியும் பராமரிப்பாளர் மூவரும் சொல்லப்பட்டிருக்கின்றனர். அந்நால்வரும் மெய்யாகவே இருக்கிறார்களா என்று பார்க்கும் குழுவில் பள்ளித் தலைமையாசிரியையும் காலனித் தாய்மார் இருவரும் இடம்பெற வேண்டும். காசநோய் பற்றிய அச்சம் சிலருக்கு உண்டு. வருவோர்க்கு மருத்துவச் சோதனை நடக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். பான் கடையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

இவையெல்லாம் நடந்துவிடும் என்று உறுதி கூற நமக்கு அதிகாரம் இல்லை. திட்டத்தில் எழுதியிருப்பது வேறு, தரையில் நடப்பது வேறு என்பதை அரசுப் பணியில் இருக்கும் நாம் அறியாததா? ஆடவர் விடுதிதான் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், பள்ளி விடும் நேரத்தில் சந்தில் பெற்றோர் முறை வைத்து நிற்கும் ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டிவரும். முதல் வாரத்துக்கு நமது பெயரை எழுதிக்கொள்ளலாம்.

மாற்று விண்ணப்பம் வாயிலருகே மேசைமீது வைக்கப்பட்டிருக்கிறது. படித்துப் பாருங்கள், திருத்தம் தோன்றினால் ஓரத்தில் எழுதுங்கள், உடன்பாடு இருந்தால் மட்டும் கைச்சாத்து இடுங்கள். பழைய விண்ணப்பத்தில் முன்னரே கைச்சாத்து இட்டவர்களும் இதில் இடலாம், தடையில்லை. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வார்டு உறுப்பினரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறோம். மாலை வகுப்பைப் பற்றிக் கேட்ட அந்த அம்மையாரும் உடன் வர இசைந்திருக்கிறார். இன்னும் நான்கு தாய்மார்கள் வந்தால் நலம்.

நடனமாட வேண்டிய குழந்தைகள் திரைக்குப் பின்னால் சலங்கை கட்டி நெடுநேரமாக நிற்கிறார்கள்.