பாடிகாவலும் ஊர்த்தலைமையும்: அறந்தாங்கி வட்டார அரையர்களும் சூரிச் நகரத் தலைவர் வால்ட்மனும்

எடுத்துக்கொண்ட பொருள் அவையோருக்குப் புதியதன்று. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் புதுக்கோட்டைச் சீமையின் ஊர்களைக் காத்த அரையர்கள் சிற்றரசர்களா, ஊராரும் நாட்டாரும் பேசி அமர்த்திய காவல் தலைவர்களா என்னும் வினா கல்வெட்டறிஞரிடையே நெடுநாளாகத் தீராமல் நிற்கிறது. அவர்கள் சிற்றரசர்களே என்று எழுதிவரும் நண்பர்களின் கருத்தை மறுப்பதே இவ்வுரையின் நோக்கம்.

1311இல் மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்து சென்றதும், பாண்டியர் தம்முள் பொருது தளர்ந்ததும், பின்னர் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி அமைந்ததும் இப்பகுதியின் ஊர்களைக் காப்பாரின்றி விட்டன. அந்நிலையில் பாடிகாவல், அதாவது ஊரையும் பயிரையும் காத்து அதற்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கு பெறும் உரிமை, ஆள்வலிமை உடைய அரையர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சில ஊரார் அதை விலைக்கே விற்றனர். தமக்குள் போர் மூண்டாலும் ஊராருக்குத் தீங்கு செய்வதில்லை என்றும், மீறினால் தண்டம் செலுத்துவதாகவும் அரையர்கள் எழுதிக்கொடுத்த உடன்படிக்கைகளும் கல்லில் உள்ளன. தண்டத்துக்கு உடன்பட்டுக் கையெழுத்திடும் ஒருவனை மன்னன் என்பது எவ்வகையில் பொருந்தும்?

நண்பர்களின் விடை அறிந்ததே: அரையனுக்குப் படை உண்டு, பட்டம் உண்டு, வரி உண்டு, ஆகவே அவன் அரசன். படையும் பட்டமும் வரவும் ஒருவனிடம் சேர்ந்தால் அவன் அரசனாகிவிடுவான் என்னும் இவ்வெண்ணத்தைச் சோதிக்க, அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த ஹான்ஸ் வால்ட்மனின் வரலாறு போல உதவுவது வேறில்லை.

சுவிட்சர்லாந்தின் சூக் பகுதியில் பிளிக்கன்ஸ்டோர்ஃப் என்னும் சிற்றூரில், உழவர் குடியில், 1435ஆம் ஆண்டளவில் பிறந்த வால்ட்மன், 1452இல் சூரிச் நகரின் குடியுரிமை பெற்றுத் தோல் பதனிடும் தொழிலிலும் பின்னர் இரும்பு வாணிகத்திலும் ஈடுபட்டார். அந்நகரின் ஆட்சி 1336 முதல் தொழிற்குழுக்களின் கையிலும் உயர்குடியினர் கையிலும் பகிர்ந்திருந்தது. தொழிற்குழு என்பது ஒரு தொழில் செய்வோர் கூடி அமைத்த கட்டமைப்பு. ஒட்டகச் சின்னம் கொண்ட குழுவின் தலைவராக உயர்ந்த வால்ட்மன், பர்கண்டிக் கோமகன் சார்லசுக்கு எதிரான போரில் சூரிச் படையை நடத்தினார். 1476 ஜூன் 22 அன்று முர்ட்டன் போர் தொடங்குமுன் அவருக்கு வீரப்பட்டம் சூட்டப்பட்டது. அன்று பகைவரைச் சிதறடித்த நடுப்படையின் தலைமையும் அவருடையது. அடுத்த ஜனவரியில் நான்சியில் சார்லசே வீழ்ந்தார். 1483இல் வால்ட்மன் நகரத் தலைவர், இன்றைய வழக்கில் மேயர், ஆனார். அயல்நாட்டு வேந்தர்கள் அவருக்கு ஆண்டுதோறும் உதவிப்பணம் அனுப்பினர். தம்மை இழித்துப் பேசிய லூசெர்ன் நகரப் படைத்தலைவர் ஒருவரைச் சூரிச்சிலேயே தலைவெட்டச் செய்யும் அளவுக்கு அவர் கை ஓங்கியிருந்தது. நண்பர்களின் அளவுகோல்படி இவர் அரசரே.

ஆயின் அவர் வீழ்ந்த விதத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். நாட்டுப்புறத்தாரின் கைத்தொழிலையும் வாணிகத்தையும் நகரின் நன்மைக்காகக் கட்டுப்படுத்தி, திருமணச் செலவுக்கும் வரம்பு விதித்த அவருடைய ஆட்சி, 1489ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உழவர் வீட்டுப் பெரிய நாய்களைக் கொல்ல ஆணையிட்டது. அவை வேட்டை விலங்குகளையும் திராட்சைத் தோட்டங்களையும் கெடுக்கின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். களத்தையும் தொழுவத்தையும் காத்த நாய்களை நகரத்து ஆட்கள் வாசலில் வந்து கொன்றபோது ஊர்கள் பொறுக்கவில்லை. உழவர் திரண்டு நகரின் மதிற்புறத்தே வந்து நின்றனர்; உள்ளே தொழிற்குழுவினரும் அவரிடம் காழ்ப்புற்ற உயர்குடியினரும் எழுந்தனர். ஏப்ரல் முதல் நாள் சிறைப்பட்ட வால்ட்மன், ஆற்றின் நடுவில் இருந்த வெல்லன்பெர்க் கோபுரத்தில் வதைக்கப்பட்டு, ஆறாம் நாள் தலை வெட்டப்பட்டார். பிற சுவிஸ் பகுதிகளின் தூதுவர் நடுவராக அமர்ந்து, நாட்டுப்புறத்தாரின் உரிமைகளை எழுத்தில் பதித்து, நகருக்கும் ஊர்களுக்கும் இணக்கம் செய்தனர். வாளும் செல்வமும் பட்டமும் குவிந்த அந்தக் கை, கொடுத்தவர்கள் திரும்பக் கேட்ட நாளில் வெறுங்கையாயிற்று.

நம் அரையர் எவரும் இவ்வாறு நீக்கப்பட்டதைக் கல்வெட்டில் காட்ட முடியுமா என்று நண்பர்கள் கேட்கலாம். நீக்கிய செய்தி தேவையில்லை. காவலுக்கு உரிய பங்கும் மீறலுக்கு உரிய தண்டமும் முன்னதாகவே எழுதப்பட்டிருப்பது போதும். நிக்கொலஸ் டர்க்ஸ் 1987இல் புதுக்கோட்டை பற்றி எழுதிய நூல் பாடிகாவலை அரசுரிமையோடு சேர்த்தே நோக்குகிறது. காலப்போக்கில் காவல் அரசாக வளர்ந்தது என்ற அளவில் அது ஏற்கத்தக்கது, தொடக்கத்திலேயே அரசாக இருந்தது என்று கொள்வது ஏற்கத்தக்கதன்று.

அறந்தாங்கித் தொண்டைமான்கள், பிற்காலப் புதுக்கோட்டைத் தொண்டைமான்களினின்று வேறான மரபினர், 15ஆம் நூற்றாண்டு முதல் அறந்தாங்கியில் கோட்டையோடு ஓங்கியவர்கள். அவர்களைப் பாடிகாவலின் வளர்ச்சியாகக் காண்பதா, விசயநகர ஆட்சியின் விளைவாகக் காண்பதா என்பது தனியே ஆராயத்தக்கது. சூரைக்குடித் தலைவர்களோடு அவர்களை ஒப்பிடவும் வேண்டும். மணமேல்குடி, மீமிசல் கரையோர வாணிகத்தின் பங்கையும் கணக்கிட வேண்டும். அடைக்கலம் தரும் ஊரைக் குறிக்க நடப்பட்ட ஆசிரியக் கற்களின் பரவலை வரைபடமாக்குவதும் பயன் தரும்.

இவற்றுக்கெல்லாம் கல்வெட்டு வேண்டும். புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் 1929இல் நூலாக வந்தபின் வெளிப்பட்டவை பல. திருப்பணியின்போது சுண்ணாம்புப் பூச்சிலும் மணல் வீச்சிலும் எழுத்தழிந்தவையும் பல. தம் ஊர்க் கோயிலில் குடமுழுக்கு வேலை தொடங்குமுன், சுவர்களையும் அடித்தளத்தையும் படி எடுக்கத் தொல்லியல் துறைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புமாறு இவ்வவையில் உள்ள ஊர்ப் பெரியோர்கள் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.