முகத்துக்கு ஒரு சிட்டிகைத் தூள்

முகத்தில் படிந்த இறந்த செல்களை நீக்கும் தூள்கள் இப்போது கடைகளில் நிறைய வருகின்றன. பலவற்றில் இருப்பது, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்ன் என்ற நொதி. பழைய செல்களின் புரதத்தை அது தளர்த்திவிடுகிறது. ஏன் தூளாக விற்கிறார்கள்? தண்ணீரில் கலந்து வைத்தால் நொதி நாளடைவில் வீரியம் இழக்கும். அதனால் ஈரக்கையோடு டப்பாவைத் தொடாதீர்கள்.

உள்ளங்கையில் சிறிது குழைத்து, கண்ணோரம் படாமல் மென்மையாகத் தடவிக் கழுவுங்கள். அழுத்தித் தேய்க்கவே வேண்டாம், பாவம் அந்தத் தோல்! வாரம் ஒருமுறை, இருமுறை போதும். முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். ரப்பர் கையுறை ஒவ்வாதவர்களுக்கு இந்த நொதியும் ஒவ்வாமல் போகலாம். அவர்கள் தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்கட்டும். கழுவியபின் ஈரப்பதம் தரும் கிரீம், வெளியே கிளம்பும்போது சன்ஸ்கிரீன்.