ஆரவாரத்தைத் துறந்த நால்வர்



புகழ் வந்தடைந்த பின்னர் ஒரு கலைஞன் என்ன செய்வான்? எந்தப் பாட்டுக்குக் கரகோஷம் கிடைத்ததோ, அந்தப் பாட்டையே சொற்களை மாற்றி மீண்டும் மீண்டும் பாடிக்கொண்டிருப்பதே பெரும்பாலாரின் வழக்கம். அதற்காக அவனைக் குறைகூறவும் இயலாது. கேட்போர் விரும்புவது அதுவே. இசைத்தட்டு வணிகர் வேண்டுவதும் அதுவே. ஆனால், புகழின் உச்சியில் நின்ற வேளையிலேயே தமக்கு அப்புகழைத் தேடித்தந்த முறையைக் கைவிட்டு, மீண்டும் மாணாக்கராக மாறிய நால்வரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றிய பீற்றில்ஸ் என்னும் றொக் இசைக்குழுவினரே அவர்கள்.

லிவர்பூல் ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே 1957ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி, தேவாலயமொன்றின் கொண்டாட்டத்திலே, பதினாறு வயதினரான ஜோன் லெனனும் பதினைந்து வயதினரான போல் மக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தனர். அடுத்த ஆண்டு ஜோர்ஜ் ஹரிசன் அவர்களோடு சேர்ந்தார். 1960ஆம் ஆண்டு முதல் இவ்விளைஞர்கள் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகருக்குப் பலமுறை சென்று, இரவு விடுதிகளிலே மணிக்கணக்காகப் பாடினர். குடிவெறியிலிருந்தோரையும் தம் பக்கம் திருப்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. சங்கீதம் பயில்வோர் சாதகம் என்று சொல்வார்களே, அந்தச் சாதகம் அவர்களுக்கு அங்கேதான் கிடைத்தது.

1962ஆம் ஆண்டின் முதல் நாளன்று இலண்டனிலே டெக்கா நிறுவனத்தாருக்குப் பாடிக்காட்டினர். அந்நிறுவனத்தார் அவர்களை ஏற்கவில்லை. பின்னர் அவர்களை ஏற்றவர் ஈ.எம்.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் மாட்டின் என்பார். ஓபோ என்னும் குழலை முறையாகப் பயின்றவர். மேனாட்டுச் சாஸ்திரீய இசையில் நல்ல பயிற்சியுள்ளவர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் றிங்கோ ஸ்டார் முரசு வாசிக்க வந்து சேர, நால்வர் அணி நிறைவெய்தியது.

அவர்களுடைய தொடக்ககால ஒலி எத்தகையது? இரண்டு கிற்றார்கள், ஒரு பேஸ் கிற்றார், முரசுகள், இணைந்தொலிக்கும் குரல்கள் ஆகியவையே அதன் உறுப்புகள். சில பாட்டுக்களில் வாயால் ஊதும் ஹார்மோனிக்காவும் சேரும். 1963ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி, ஒரே நாளில், தமது முதல் நெடுந்தட்டின் பதினான்கு பாட்டுக்களிற் பத்தினை அவர்கள் பதிவுசெய்து முடித்தனர். லெனனுக்கு அன்று தடிமன். நாள் முடியும் வேளையில் அவர் கரகரத்த குரலிற் பாடிய பாட்டையே அத்தட்டின் இறுதியில் இன்றும் கேட்கிறோம். நால்வரும் ஓரறையிலே கூடிநின்று ஒரே மூச்சிற் பாடிய உயிர்த்துடிப்பு அதில் உண்டு.

1964ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பாடியபோது ஏறத்தாழ 7 கோடி 30 இலட்சம் பேர் கண்டனர். அவ்வாண்டு ஏப்ரலிலே, அந்நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களும் அவர்களுடைய பாட்டுக்களுக்கே உரியனவாயின. 1965ஆம் ஆண்டு ஓகஸ்டில் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் அவர்களைக் காணத் திரண்டோர் ஏறத்தாழ 55,000 பேர்.

ஆனால் நேயர்களே, அந்தப் பெருங்கூட்டத்தில் இசையைக் கேட்டவர் எத்தனை பேர்? இரசிகரின் கூக்குரலை மேவி ஒலிக்கத்தக்க ஒலிபெருக்கிகள் அக்காலத்தில் இருக்கவில்லை. பாடுவோருக்குத் தம் குரலே கேட்கவில்லை. முன்னால் நின்ற தோழரின் உடலசைவைப் பார்த்தே தாளத்தைக் கணிக்க நேர்ந்ததென றிங்கோ ஸ்டார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கரகோஷம் வளர வளர, கலை தேய்ந்தது.

இதே காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தினுள்ளே வேறொரு வாழ்வு தொடங்கியிருந்தது. 1965ஆம் ஆண்டிலே, 'யெஸ்டர்டே' என்னும் பாட்டை மக்கார்ட்னி தனியொருவராகக் கிற்றார் இசைத்துப் பாட, ஜோர்ஜ் மாட்டின் நான்கு நரம்பிசைக் கருவிகளை அதனோடு சேர்த்தார். ஏனைய மூவரும் அதில் வாசிக்கவேயில்லை. அவ்வாண்டே 'நோர்வீஜியன் வூட்' என்னும் பாட்டிலே ஹரிசன் சித்தார் மீட்டினார். 1966இல் வந்த 'றிவோல்வர்' என்னும் இசைத்தட்டின் இறுதிப் பாட்டு, தம்புராச் சுருதிபோல ஓர் ஆதார ஒலியின்மேல் நிற்பது. ஒலிநாடாத் துண்டுகளை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டுப் பெற்ற விந்தை ஒலிகள் அதில் நிறைந்துள்ளன. அந்தத் தட்டின் பாட்டொன்றையேனும் அவர்கள் அவ்வாண்டுச் சுற்றுலாவில் மேடையிற் பாடவில்லை. மேடை ஒருபுறமும் இசை மறுபுறமுமாகப் பிரிந்துவிட்டன.

இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டிய வேளை வந்தது. 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததே கட்டணம் பெற்று அவர்கள் நடத்திய கடைசிக் கச்சேரி. அடுத்த மாதமே ஹரிசன் இந்தியாவுக்குச் சென்று, பண்டிதர் ரவிசங்கரிடம் சித்தார் பயின்றார். உலகறிந்த ஒருவர், ஒரு குருவின் முன்னே தரையில் அமர்ந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்! ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அவர்கள் வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த செய்தி இதுவே.

முதல் நெடுந்தட்டின் பெரும்பகுதியை ஒரே நாளில் முடித்தவர்கள், 1967இல் வெளியான 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டுக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் உழைத்தனர். அதன் இறுதிப் பாட்டிலே, நாற்பது வாத்தியக்காரர் தத்தம் கருவியின் மிகத் தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சச் சுரம்வரை படிப்படியாக ஏறுகின்றனர். பிரளயம் பொங்கி எழுவதுபோல் இருக்கும். இவையெல்லாம் யந்திர ஜாலம், இசையல்ல என்பாரும் உளர். யந்திரத்தை எவரும் இயக்கலாம். எந்த ஒலி எங்கே வேண்டும் என்று துணிவது செவியின் வேலை. ஹம்பேர்க் இரவுகளிலே பண்பட்ட செவியே அந்த யந்திரங்களை ஆண்டது என்பது என் கருத்து.

இந்த வளர்ச்சிக்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்லாது விடலாகாது. ஒருவர் பாடியதன்மேல் மற்றொருவர் பின்னொரு நாளிற் சேர்க்கலாம் என்ற வசதி, நால்வரும் ஒருங்கே நிற்கவேண்டிய தேவையைக் குறைத்தது. 1967ஆம் ஆண்டு ஓகஸ்டில் அவர்களை வழிநடத்திய பிறையன் எப்ஸ்டைன் காலமானார். 1968இல், ஒரே வேளையில் வெவ்வேறு கூடங்களிலிருந்து தத்தம் பாட்டை அவர்கள் பதிவுசெய்வதும் உண்டு. றிங்கோ ஸ்டார் மனம் நொந்து சிறிது காலம் விலகியும் சென்றார். 1969ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, இலண்டனிலே தம் அலுவலகத்து மொட்டைமாடியில் நின்று, பழையபடி நால்வருமாக வாசித்தனர். தெருவிற் போவோர் அண்ணாந்து பார்த்தனர். அதுவே அவர்கள் பலரறியக் கூடி வாசித்த கடைசி முறை. 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரிவு வெளிப்பட்டது. முதல் இசைத்தட்டு வெளிவந்து எட்டு ஆண்டுகூட அப்போது நிறைவுறவில்லை.

லெனன் 1980இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹரிசன் 2001இல் மறைந்தார். எனினும், லெனன் தம் இல்லத்திலே ஒலிநாடாவிற் பதிந்துவைத்த ஒரு பாட்டிலிருந்து அவருடைய குரலைக் கணினியின் துணையாற் பிரித்தெடுத்து, ஹரிசன் 1995இல் வாசித்த கிற்றாரையும் இணைத்து, எஞ்சிய இருவரும் 2023ஆம் ஆண்டு நவம்பரில் அதனை வெளியிட்டனர். எந்த யந்திரம் அவர்களைத் தனித்தனியே வேலைசெய்ய விட்டதோ, அதன் வழிவந்த யந்திரமே நால்வரையும் மீண்டும் ஒரு பாட்டிற் கூட்டிவைத்தது.

இவர்களுடைய இசை நம் எல்லோருடைய செவிக்கும் உகந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகள் இப்பாட்டுக்களைக் கேட்கும்போது, கூச்சல் என்று எழுந்து செல்லாமல், 1963ஆம் ஆண்டுத் தட்டையும் 1967ஆம் ஆண்டுத் தட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப்பாருங்கள். நான்கே ஆண்டுகளில் மனிதர் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்பதை அவை எடுத்துக்காட்டும்.