பழைய தண்டனையும் புதிய வழக்கும்



இஞ்சினியருக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் ஆலையில் புதிதாக ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். "முன்பு தண்டனை பெற்றதுண்டா?" என்று கேட்டால், "இல்லை சார், கோர்ட்ல ஃபைன்தான் கட்டினேன்" என்று பதில் வரும். தம்பி, குற்றத்தை ஒப்புக்கொண்டு கோர்ட்டில் கட்டும் அபராதமும் தண்டனைதான். அதன் கனம் அடுத்த வழக்கில்தான் தெரியும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பின், முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் சிறை இரண்டு வருடம் வரை, அபராதம் 15,000.

திருட்டில் வித்தியாசம் இன்னும் பெரிது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவைப் பாருங்கள். பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தண்டனை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவையோடு போகும். இரண்டாம் தடவை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஒரு வருடம், ஐந்து வருடம் வரை கடுங்காவல், கூடவே அபராதம். திருடியது அதே ஓட்டை சைக்கிளாக இருந்தாலும்!

ஆனால் பழையதைச் சட்டம் கொஞ்ச நேரம் பூட்டியும் வைக்கிறது. எனக்குப் பிடித்த இடம் இதுதான். பழைய தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்கும் செஷன்ஸ் வழக்கில், இந்தக் குற்றம் நிரூபணமாகும்வரை நீதிபதி அந்தப் பகுதியைப் படித்துக் காட்டக்கூடாது. அரசுத் தரப்பும் அதைப் பேசக்கூடாது. 1973 சட்டத்தில் 236-ஆவது பிரிவு; இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 259. "அன்னிக்கும் அவன்தான், இன்னிக்கும் அவன்தான்" என்று ஊர் பேசலாம், கோர்ட் பேச முடியாது. (நம் வைவாவில் போன செமஸ்டர் மார்க்கைப் பார்க்காமலா கேள்வி கேட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்!)

நிலுவையில் உள்ள வழக்கு தண்டனை ஆகாது. விடுதலையான வழக்கும் அப்படியே.

"ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால், தலையாட்டுமுன் வக்கீலிடம் 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். சில குற்றங்களில், முன் தண்டனை இல்லாதவரைக் கண்டித்து அனுப்ப அதன் 3-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதுவும் ஒரு தடவைதான். அந்த உத்தரவே அடுத்த முறை முன் தண்டனையாக எண்ணப்படும்.