சாம்பல் கலர் சேலை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரு குழு ஊக்குநர் பேசியது)



விழாவுக்கு எல்லாரும் ஒரே கலர் சேலை எடுக்கலாம்னு போன கூட்டத்தில் பேசினோம். நான் சாம்பல் கலர் சொன்னேன். "அது அழுக்கு கலரு, மங்களமா இருக்காது"ன்னு எல்லாரும் சிரிச்சீங்க. அதான், இன்னைக்கு அந்தக் கலரைப் பத்தியே பேசிடலாம்னு வந்துட்டேன்.

நான் வாக்கப்பட்டதுதான் கும்மிடிப்பூண்டி. பொறந்தது மீஞ்சூர் பக்கம். எங்க ஆயா அடுப்புச் சாம்பல் ஒரு பிடி வீணாக்காது. பாத்திரம் தேய்க்கும், விதை உளுந்துல கலந்து வைக்கும், கத்தரிச் செடி மேல தூவும். நெத்தியில வைக்கிற திருநீறும் அந்த நிறம்தான். ஏரி நிரம்பணும்னா வர்ற மேகமும் அந்த நிறம்தான். சின்ன வயசுல எனக்குச் சாம்பல்னா சுத்தம்.

இன்னொரு சாம்பல் நம்ம தலையில இருக்கு. எங்க குழுவில் ஒரு அக்கா, வயசு 46. சிப்காட்ல ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு போனாங்க. கேட்டுலயே கான்ட்ராக்டர் ஆளு தலையைப் பாத்துட்டு, "வயசாயிடுச்சும்மா, பெருக்குற வேலைன்னா சொல்றேன்"னு அனுப்பிட்டான். அடுத்த வாரம் டை அடிச்சுக்கிட்டு வேற கம்பெனிக்குப் போனாங்க. பேக்கிங் வேலை கிடைச்சுது. அதே அக்கா, அதே கை. மூணு வாரத்துக்கு ஒரு தடவை டை பாக்கெட் வாங்குற காசும் அந்தச் சம்பளத்துலதான் போகுது. இதை எந்தக் கணக்கு நோட்டுல எழுதறது?

அந்த அக்காவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து இப்ப ஒரு கடன் மனு கொடுத்திருக்காங்க, சாம்பல் செங்கல் போடறதுக்கு. நரைச்ச தலையோட நம்ம வேலையை நாமே செய்யலாம்ங்கிறாங்க. எனக்குச் சந்தோஷம்தான். ஆனா மீஞ்சூர்க்காரிக்குக் கொஞ்சம் பயமும் இருக்கு.

அத்திப்பட்டுல வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் ஓட ஆரம்பிச்சது. அப்புறம் வல்லூர் நிலையமும் வந்தது. விறகு 100 கிலோ எரிச்சா ஒண்ணு ரெண்டு கிலோ சாம்பல் மிஞ்சும். நம்ம நாட்டு நிலக்கரி 100 கிலோ எரிச்சா 30 கிலோவுக்கு மேல, சிலதுல 45 கிலோ வரைக்கும் நிக்கும். அதைத் தண்ணியில கரைச்சுக் குழாய் வழியா குட்டைக்கு அனுப்புறாங்க. செப்பாக்கம் ஊர் அந்தக் குட்டை ஓரத்துலதான் இருக்கு. குழாய் ஒழுகி கொசஸ்தலை ஆத்துல சாம்பல் படிஞ்ச விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, சேத்தைக் கையால தடவி இறால் பிடிக்கிற பொம்பளைங்க அந்த ஆத்துல உண்டு. அவங்களைக் கேட்டா இந்தக் கலருக்கு வேற அர்த்தம் சொல்லுவாங்க.

அதுக்காக சாம்பல் செங்கல் கெட்டதுன்னு நான் சொல்லல. சூளை வேண்டாம், ஏரி மண்ணு வேண்டாம். சாம்பல், கல்தூள், சிமெண்டோ சுண்ணாம்போ கலந்து அச்சுல அழுத்தி, ரெண்டு வாரம் தண்ணி காட்டினா கல்லு ரெடி. அனல்மின் சாம்பலைச் செங்கலுக்குப் பயன்படுத்தணும்னு மத்திய அரசு 1999-லயே அறிவிப்பு போட்டது. கல்லாகிட்டா அது கட்டுப்பட்டுடும். கல்லாகறதுக்கு முன்னாடி, காத்துல பறக்கும்போதுதான் ஆபத்து. அந்தத் தூள்ல நிறைய தலைமுடி தடிமன்ல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. முந்தானையால மூக்கை மூடினா நிக்காது, நேரா நுரையீரலுக்குப் போகும்.

இன்னொண்ணு. ஒரு தங்கச்சி பாத்திரம் தேய்க்க அந்தச் சாம்பலை ஒரு பை வீட்டுக்குக் கொண்டுபோச்சு. வேண்டாம்மா. அதுல ஈயம், ஆர்சனிக் மாதிரி உலோகமெல்லாம் இருக்கும். ஆயா அடுப்புல இருந்து வந்த சாம்பல் வேற, இது வேற.

அதனால மனுவை நான் தள்ளி வைக்கல, மூணு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கேன். லாரி தார்ப்பாய் மூடி வருமா? கொட்டுற இடத்துல தண்ணி தெளிக்க போர் இருக்கா? அஞ்சு பேருக்கும் நல்ல மாஸ்க்குக்கு மாசம் எவ்வளவு, அதைத் திட்டச் செலவுல சேத்தாச்சா? பதில் வந்ததும் அடுத்த கூட்டத்துல தீர்மான நோட்டுல ஏத்தலாம்.

சேலை கலர் இன்னும் முடிவாகல. மாம்பழ மஞ்சளுக்குத்தான் கை அதிகம் தூக்கினாங்க.