குழாய் முனையில் நிற்போர்க்கு



மும்பையிலும் தில்லியிலும் பெருங்கட்டடங்கள் எழும் இடங்களில், சட்டி சட்டியாகக் கலவை தலைச்சுமையில் ஏறும் காட்சி குறைந்துவிட்டது. தரையில் நிற்கும் பம்பு, கான்கிரீட்டை இரும்புக் குழாய் வழியே பல மாடி உயரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அக்குழாயின் முனையில் பூட்டிய ரப்பர் குழாயைப் பிடித்து நிற்போருள் நம்மவரும் உண்டு. அவர்களுக்கு நேரக்கூடிய அபாயம் ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம்.

பம்பினுள் இரண்டு உருளைகள் உள்ளன. ஒன்று தொட்டியிலிருந்து கலவையை இழுக்க, மற்றொன்று குழாயினுள் தள்ளும். 125 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 30 கிலோ கான்கிரீட் நிறைந்திருக்கும். கலவை வறண்டாலோ, வளைவில் ஜல்லி நெருங்கிச் சிக்கினாலோ ஓட்டம் அடைபடும். பம்போ தள்ளுவதை நிறுத்தாது. தொட்டியில் கலவை தாழ்ந்தபோது உட்புகுந்த காற்றும் சேர்ந்துகொண்டால், அது வில்லைப்போல் இறுகி நிற்கும். அடைப்பு விலகும் கணத்தில் அக்காற்று விரிய, ரப்பர் குழாய் சாட்டையெனச் சுழன்று, எதிர்ப்பட்டவரை அடித்து வீழ்த்தும். தளத்தின் ஓரத்தில் நிற்பவரைக் கீழேயும் தள்ளிவிடும்.

ஆதலின் குழாய் அசைவற்றுக் கிடக்கும் வேளையே அஞ்சத்தக்க வேளை. பம்பைத் தொடங்கும்போதும், நின்றபின் மீண்டும் ஓட்டும்போதும், குழாய் சுழன்றால் எட்டும் தொலைவுக்குள் ஒருவரும் நிற்கலாகாது. கலவை சீராக வரத் தொடங்கிய பின்னரே அருகிற் செல்ல வேண்டும். தொட்டியில் கலவை குறையாதவாறு ஒருவர் கண்காணித்தல் நன்று. அடைப்பு நேர்ந்தால், முதலில் பம்பைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். அழுத்தம் முற்றும் நீங்குமுன் குழாய் இணைப்பைக் கழற்றுதல் உயிருக்கே ஆபத்து. காற்றைச் செலுத்திக் குழாயைத் துப்புரவு செய்கையிலும் அதன் வாய்க்கு நேரே யாரும் நிற்கலாகாது.

1998ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற மத்திய அரசின் கட்டடத் தொழிலாளர் விதிகளே இத்துறைக்கு வேண்டுவன பலவற்றைக் கூறின. முனையிலும் ஒவ்வொரு வளைவிலும் குழாய் உறுதியாகக் கட்டப்பெற வேண்டும். உச்சிக்கு அருகில் காற்றுப் போக்கும் வால்வு வேண்டும். நிறைந்த குழாயையும் ஆட்களையும் சாரம் தாங்க வேண்டும். அருகில் பணிபுரிவோர் கண்ணாடி அணிய வேண்டும். பம்பு முறையான சைகைகளைக் கொண்டே இயக்கப்பெற வேண்டும் என்பன அவை.

இறுதியாகச் சொன்ன விதி, வேற்று மாநிலத்தில் உழைக்கும் நமக்கு மிகவும் இன்றியமையாதது. பம்பை ஓட்டுபவர் கீழே இருக்கிறார். குழாயைப் பிடிப்பவர் மேலே இருக்கிறார். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காதிருக்கலாம். ‘பந்த் கரோ’ என்றால் நிறுத்து, ‘சாலூ கரோ’ என்றால் தொடங்கு, ‘ஹட் ஜாவ்’ என்றால் விலகிப் போ. இம்மூன்றையும் புதிதாய் வந்தவர்க்கு முதல் நாளே கற்பித்துவிடலாம். எனினும் இயந்திர இரைச்சலில் சொல் கேளாது. எனவே தளம் போடத் தொடங்குமுன் அனைவரும் கூடி, நிறுத்துவதற்கும் தொடங்குவதற்கும் உரிய கைச்சைகைகளை ஒருமுறை செய்து பார்த்தல் வேண்டும். ஓட்டுபவர் கண்ணுக்கு முனை தெரியாவிடில், இடையில் சைகை காட்ட ஒருவரை நிறுத்த வேண்டும். நிறுத்தும் சைகையை யார் காட்டினும் பம்பு நிற்க வேண்டும்.

மேற்பார்வை பார்க்கும் நம் பொறியாளர்களும் மேஸ்திரிகளும் இதற்கெனச் சில நிமிடங்களை ஒதுக்குவார்களாக. அதனால் வேலை பின்தங்கிவிடாது. ஊரில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அதுவே பெருங்காப்பு.